சோடா, சுண்ணாம்பு, கிணத்துத் தண்ணி: கார்பானிக் ஆசிட் பத்தி நம்ம ஊர்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாளையங்கோட்டைல பதினொண்ணு, பன்னெண்டு படிக்கிற பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்குதேன். பெரியப்பா அம்பாசமுத்திரத்துல கோலி சோடா மெஷின் வச்சிருந்தாங்க, முழுப் பரீட்சை லீவுக்கு அங்க போனா பாட்டில் கழுவுறது என் வேலை, அதுல ஆரம்பிச்ச ஆசைதான் இந்த சப்ஜெக்ட் மேல. பிள்ளைகளும், அவங்களக் கூட்டிட்டுப் போக வர்ற அம்மா அப்பாவும், தெருக்காரங்களும் ஒரே கேள்வியத் திருப்பித் திருப்பிக் கேக்குதாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

சோடாக்குள்ள ஆசிட் ஊத்துதாங்களா அண்ணாச்சி?

யாரும் ஊத்தல. தண்ணிக்குள்ள கார்பன் டை ஆக்சைடு கேஸ அழுத்தி ஏத்துதாங்க, அவ்வளவுதான். அந்த கேஸ்ல பெரும்பகுதி அப்படியே கேஸாவே தண்ணிக்குள்ள கரைஞ்சி கிடக்கும், கொஞ்சூண்டு மட்டும் ஒரு தண்ணி மூலக்கூறோட சேர்ந்து கார்பானிக் ஆசிட் ஆகும், அந்த ஆசிட் ஒரு ஹைட்ரஜன் அயனிய விட்டுட்டு பைகார்பனேட் ஆகும், பைகார்பனேட் இன்னொரு ஹைட்ரஜன விட்டா கார்பனேட். இந்த நாலு பேரும் ஒரே வீட்டுல இருக்கிற மாதிரி, யாரு எத்தன பேருங்கிறது மட்டும் மாறிக்கிட்டே இருக்கும். இதுல எந்தப் படியும் ஒருவழிப் பாதை கிடையாது, முன்னாடியும் போகும் பின்னாடியும் வரும். கீழ நான் சொல்லுத எல்லாமே இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது: கேஸ் வெளிய போக வழி இருந்தா ரியாக்ஷன் ஒரு பக்கம் போகும், வழிய அடைச்சா இல்லன்னா கேஸ உள்ள தள்ளுனா மறுபக்கம் போகும். மூடி திறந்திருக்கா மூடியிருக்கான்னு மட்டும் பாத்துக்கிட்டே வாங்க.

"கார்பானிக் ஆசிட்னு ஒண்ணு இல்லவே இல்ல"ன்னு ஒரு வாத்தியார் சொன்னாரே?

பழைய பாடப் புத்தகங்கள்ல அப்படி எழுதியிருந்தது உண்டு, அதுக்குக் காரணமும் இருக்கு. 25 டிகிரில தண்ணிக்குள்ள கரைஞ்ச கார்பன் டை ஆக்சைடுல ஏறக்குறைய 600ல ஒண்ணுதான் நிஜமான கார்பானிக் ஆசிட் மூலக்கூறா இருக்கு, அதுவும் ஒரு நொடில சின்னப் பங்குக்குள்ள மறுபடி கேஸாவும் தண்ணியாவும் பிரிஞ்சிரும். பாட்டில்ல அடைச்சு லேபிள் ஒட்டி வைக்க முடியாத சாமான். ஆனா ரொம்பக் குளிர்ல, தண்ணி இல்லாத நிலைல அதத் தனியா தயாரிச்சுப் பாத்துட்டாங்க, தண்ணி கூட இல்லன்னா அது நல்லாவே நிலைச்சு நிக்கும், அத உடைக்கிறதே பக்கத்துல இருக்கிற தண்ணிதான். அதனால இருக்கு, நம்ம சோடால ரொம்ப நேரம் இருக்காது, அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு ஒரு முக்கியமான பாயிண்ட். புத்தகத்துல பிகேஏ (ஆசிட் எவ்வளவு ஸ்ட்ராங்னு சொல்லுத நம்பர், குறையக் குறைய ஸ்ட்ராங்) 6.35னு போட்டு ரொம்ப வீக்கான ஆசிட்னு இருக்குல்லா, அந்தக் கணக்குல கரைஞ்ச கேஸ் மொத்தத்தையும் ஆசிட்னு வச்சுதான் போட்டிருக்காங்க. நிஜமா ஆசிட்டா இருக்கிற அந்த 600ல ஒரு பங்க மட்டும் எடுத்தா பிகேஏ மூணரை பக்கம் வரும், அதாவது வினிகர்ல இருக்கிற அசிட்டிக் ஆசிட்ட விட ஸ்ட்ராங். ரெண்டாவது ஹைட்ரஜனுக்கு 10.33. பரீட்சைல 6.35தான் எழுதணும், ஆனா எதுக்கு அப்படின்னு தெரிஞ்சி எழுதுங்க.

கோலி சோடால கோலி எப்படி மேல போய் நிக்குது?

இது நான் கண்ணால பாத்து வளந்தது. பாட்டில்ல முக்காலே மூணு வீசம் தண்ணி ஊத்தி, மெஷின்ல இருக்கிற இரும்புச் சட்டத்துக்குள்ள மாட்டி, சிலிண்டர் வால்வத் திறந்துட்டு பெரியப்பா கைப்பிடியப் பிடிச்சு சுத்துவாங்க, பாட்டில் தலைகீழாவும் நேராவும் குலுங்கிக்கிட்டே சுத்தும், உள்ள கோலி கடகடன்னு உருளும், கேஸ் தண்ணிக்குள்ள ஏறும். கடைசியா தலைகீழா இருக்கும்போது நிறுத்துனா கோலி தன்னால வாய்க்கு வந்து விழும், அங்க ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், உள்ள இருக்கிற கேஸோட அழுத்தமே கோலிய அந்த வாஷர்ல அமுக்கிப் பிடிச்சுக்கும். அதுக்கப்புறம் நேரா நிமுத்துனாலும் விழாது. எப்பவாவது ஒரு பாட்டில் டமார்னு வெடிக்கும், அதுக்காகவே மெஷின் முன்னாடி இரும்புத் தகடு வச்சிருப்பாங்க, எங்கள அந்தப் பக்கமே விட மாட்டாங்க.

இந்த பாட்டிலக் கண்டுபிடிச்சவர் இங்கிலாந்துக்காரர் ஹைரம் காட், 1872ல பேட்டண்ட் வாங்குனார். தண்ணில கேஸ ஏத்துற வித்தைய அதுக்கும் நூறு வருஷம் முன்னால, 1767ல, லீட்ஸ் ஊர்ல ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு பீர் தயாரிக்கிற இடத்துல தொட்டி மேல தேங்கி நின்ன கேஸ வச்சு செஞ்சு பாத்துட்டார். எவ்வளவு கேஸ் கரையும்ங்கிற கணக்க 1803ல வில்லியம் ஹென்றி சொன்னார்: மேல கேஸோட அழுத்தம் ரெண்டு மடங்கானா உள்ள கரையுறதும் ரெண்டு மடங்காகும். பெரியப்பாவுக்கு ஹென்றி யாருன்னு தெரியாது, ஆனா வால்வ எவ்வளவு திறந்தா எவ்வளவு ஏறும்னு கை பழகி வச்சிருந்தது.

நீங்க கட்டைய வச்சு கோலிய அமுக்குனதும் மேல இருந்த அழுத்தம் ஒரே நொடில போயிருதுல்லா, இப்போ தண்ணிக்குள்ள இருக்கிற கேஸ் தகுதிக்கு மேல இருக்கிற கேஸ், அதுக்கு வெளிய போக மட்டும்தான் வழி. மூடி திறந்தாச்சு, ரியாக்ஷன் பின்னாடி நடக்குது.

சூடான சோடா ஏன் இப்படிப் பொங்குது? உப்பு போட்டாலும் பொங்குதே?

ரெண்டும் வேற வேற காரணம். சூடு ஏற ஏற கேஸ் கரையுறது குறையும். கார்பன் டை ஆக்சைட மட்டும் சாதா காத்தழுத்தத்துல தண்ணி மேல வச்சா, ஒரு லிட்டர் தண்ணில ஐஸ் பதத்துல ஏறக்குறைய 3.3 கிராம் கரையும், 25 டிகிரில ஒண்ணரை கிராம்தான். நம்ம ஊரு மே மாச வெயில்ல கடை வாசல்ல அடுக்கி வச்ச கிரேட்ல இருந்து எடுத்த சோடா எங்க நிக்கும்.

உப்பு கதை வேற. குமிழி பிறக்க ஒரு இடம் வேணும், உப்புக் கல்லுல இருக்கிற சொரசொரப்பும் அதுல ஒட்டியிருக்கிற காத்தும் அந்த இடத்தக் குடுக்குது, அதான் எலுமிச்சை சோடாக்காரங்க உப்ப மொதல்ல கிளாஸ்ல போட்டுட்டு சோடாவ சாய்ச்சு மெதுவா ஊத்துதாங்க.

நாக்குல சுருக்குன்னு இருக்கே, அது குமிழி உடையுறதாலயா?

எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. அழுத்தம் கூட்டி குமிழியே வராத அறைக்குள்ள உக்கார வச்சு சோடா குடிக்கக் குடுத்துப் பாத்தாங்க, அப்பவும் அந்த சுருக் இருந்துச்சு. காரணம் ஆசிட்தான். நாக்குல புளிப்ப உணருற செல்லு மேல கார்பானிக் அன்ஹைட்ரேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது கேஸப் பிடிச்சு அங்கயே ஆசிட்டா மாத்திருது, அத 2009ல கண்டுபிடிச்சாங்க. மலையேறுறவங்க தலைசுத்தலுக்கு அசிட்டசோலமைடுன்னு ஒரு மாத்திரை போடுவாங்க, அது இந்த நொதியத் தடுக்கிற மருந்து, அதப் போட்டுட்டு சோடாவோ பீரோ குடிச்சா சப்புன்னு இருக்குமாம். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

ஆர்ஓ தண்ணி ஆசிட்னு ஒருத்தர் வந்து கலர் மாத்திக் காட்டுனாரே, குடிக்கலாமா வேண்டாமா?

இத எழுதணும்னுதான் மொத்தத்தையும் எழுத உக்காந்தேன். போன வருஷம் எங்க தெருவுல ஒரு கம்பெனி ஆளு வீடு வீடா வந்தார். ரெண்டு கிளாஸ் வச்சு, நம்ம வீட்டு ஆர்ஓ தண்ணில ஒரு சொட்டு மருந்து விட்டா மஞ்சளா மாறுது, அவர் கொண்டு வந்த ஆல்கலைன் தண்ணில விட்டா நீலமும் ஊதாவுமா மாறுது, பாருங்க நீங்க ஆசிட் குடிக்கீங்கன்னு சொல்லிட்டார். பக்கத்து வீட்டு ஆச்சி பயந்து போய் பேரன் ஃபீஸுக்கு வச்சிருந்த பணத்த எடுத்து மெஷின் வாங்கிட்டாங்க. எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல.

நடந்தது என்னன்னா, ஆர்ஓ மெஷினுக்குள்ள வடிகட்டுற மெம்பரேன், அதாவது மெல்லிசான சவ்வு, உப்பையும் பைகார்பனேட்டையும் தடுக்கும், ஆனா கரைஞ்ச கார்பன் டை ஆக்சைடு கேஸ் அதுல புகுந்து வந்துரும். அந்தப் பக்கம் கேஸ் வந்துட்டு, அத சமாளிக்கிற பைகார்பனேட் வரல, அதனால பிஹெச் (ஆசிட்ட அளக்குற நம்பர், 7 நடுநிலை, அதுக்குக் கீழ ஆசிட், மேல காரம்) 6, ஆறரைன்னு இறங்கும், சொட்டு மருந்து மஞ்சளாகும். அதுல இருக்கிற ஆசிட் எவ்வளவு தெரியுமா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணில ஒரே ஒரு சொட்டு எலுமிச்சஞ்சாறு விட்டீங்கன்னா பிஹெச் 5க்குக் கீழ போயிரும், அந்த ஒரு சொட்ட விட கம்மி. நம்ம வயித்துக்குள்ள இருக்கிற ஆசிட்டோட பிஹெச் ரெண்டு பக்கம். பிஹெச்ல ஒரு நம்பர் குறைஞ்சா பத்து மடங்கு, அப்போ ஆறுக்கும் ரெண்டுக்கும் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். வயித்துக்குள்ள போனதும் அந்த ஆல்கலைன் தண்ணியும் ஆசிட்தான் ஆகப் போகுது.

அவர் மறுபடி வந்தப்போ நான் ஒரு ஸ்ட்ரா எடுத்து அவரோட ஊதாக் கலர் கிளாஸ்ல ஊதுனேன். ஊத ஊத ஊதா நீலமாச்சு, பச்சையாச்சு, கடைசில மஞ்சள். என் மூச்சுல இருக்கிற அதே கேஸ்தான். ஆச்சி பக்கத்துலயே நின்னு பாத்தாங்க, "அப்போ எம் மூச்சும் ஆசிட்டா ஐயா?"ன்னு கேட்டாங்க. ஆமா ஆச்சி, எல்லாரு மூச்சும் தண்ணில பட்டா அதான்னு சொன்னேன். ஆர்ஓ தண்ணில கால்சியம், மக்னீசியம் கம்மியா இருக்கிறது பேச வேண்டிய விஷயம், அத டாக்டர்ட்ட கேளுங்க, ஆனா ஆசிட்னு யாராவது பயமுறுத்துனா நம்பாதீங்க.

மழைத் தண்ணியும் ஆசிட்டா?

சுத்தமான மழைக்கே பிஹெச் ஏறக்குறைய 5.6தான், காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சதால. ஆசிட் மழைன்னு சொல்லுதது கந்தகமும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து இதுக்கும் கீழ இறங்குறத.

ஆத்துத் தண்ணில பருப்பு மலர வேகுது, எங்க கிணத்துத் தண்ணில கல்லு மாதிரி கிடக்கு, ஏன்? ஹீட்டர்ல வெள்ளையா படியுது என்ன?

மழை மண்ணுல இறங்கும்போது இன்னும் கேஸ் ஏறும், ஏன்னா மண்ணுக்குள்ள வேரும் நுண்ணுயிரும் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கு, மண்ணுக்குள்ள இருக்கிற காத்துல வெளிய இருக்கிறத விட பல மடங்கு கார்பன் டை ஆக்சைடு இருக்கும். அந்தத் தண்ணி பொதிகை மலைல கரையாத கெட்டிப் பாறை மேல ஓடி வந்தா அதிகமா எதையும் கரைக்க முடியாது, அதனால தாமிரபரணித் தண்ணி மெதுத் தண்ணி, குளிச்சா சோப்பு வழுவழுன்னு போகவே போகாது. அதே தண்ணி சுண்ணாம்புக்கல்லு இருக்கிற பூமிக்குள்ள இறங்கிச்சுன்னா கல்லுல இருக்கிற கால்சியம் கார்பனேட்ட கால்சியம் பைகார்பனேட்டா மாத்திக் கரைச்சுக் கையோட கூட்டிட்டு வந்துரும். நம்ம பக்கம் சுண்ணாம்புக்கல்லு இருக்குன்னு தனியா சொல்லணுமா, தாழையூத்துல சிமெண்ட் ஃபேக்டரி 1949ல இருந்து ஓடுறதே அத நம்பித்தான்.

அந்தக் கால்சியம் பருப்போட பெக்டின்ல (செல்லுகள ஒட்ட வச்சிருக்கிற பசை மாதிரி சாமான்) போய் ஒட்டி அத இறுக்கிருது, அதான் பருப்பு வேகாது. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டா வேகுறது, அது கால்சியத்தக் கீழ படிய வச்சு, பெக்டினையும் இளக்கி விடுறதால. ரொம்பப் போட்டா வாசனையும் போகும், பி விட்டமினும் போகும், சிட்டிகையோட நிறுத்துங்க.

ஹீட்டர் விஷயம் அதே கதை திருப்பி. கரைச்சு வச்சிருந்தது கேஸ்தான், தண்ணியக் கொதிக்க வச்சா கேஸ் ஓடிரும், பைகார்பனேட் கார்பனேட்டா மாறி காயில் மேலயும் பாத்திரத்து அடிலயும் வெள்ளையா படியும். அதனால்தான் கொதிக்க வச்சு தெளிய வச்ச தண்ணில கொஞ்சமாவது பருப்பு வேகும். கால்சியம் குளோரைடா, சல்பேட்டா இருந்தா கொதிக்க வச்சும் போகாது. காயிலச் சுரண்டாதீங்க, கரண்ட்ட ஆஃப் பண்ணிட்டு வினிகர்லயோ எலுமிச்சஞ்சாறுலயோ ஊறப் போடுங்க, நுரை வரும், அந்த நுரை அதே கேஸ்தான்.

போர்ல இருந்து இப்பதான் எடுத்த தண்ணி தெளிவா இருந்து, ராத்திரி முழுக்க டேங்க்ல கிடந்ததும் கலங்குன மாதிரி வெள்ளைத் தூளு மிதக்கும் சில ஊர்ல. அடுப்பே வேண்டாம், பூமிக்கு அடில மூடியிருந்த தண்ணி, மேல வந்ததும் மூடி திறந்தாச்சு.

வெள்ளையடிக்கும்போது தண்ணியா இருக்கு, மறுநாள் எப்படி இவ்வளவு வெள்ளையாகுது?

சுண்ணாம்புக்கல்ல காளவாய்ல சுட்டா, 100 கிலோ சுத்தமான கல்லுல இருந்து 44 கிலோ கார்பன் டை ஆக்சைடா போயிரும், மிச்சம் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதுல தண்ணி விட்டா புஸ்ஸுன்னு கொதிச்சு நீத்துன சுண்ணாம்பு ஆகும். அத சுவத்துல அடிச்சா, போன கேஸ காத்துல இருந்து மறுபடி உள்ள இழுத்து திரும்ப கல்லாவே ஆகுது. பொங்கலுக்கு முந்தி வெள்ளையடிச்ச வீட்டுல சுவர் மேல இருக்கிறது மெல்லிசான சுண்ணாம்புக்கல்லுதான். கோயில் காரைச் சாந்து வருஷக்கணக்கா இறுகிக்கிட்டே இருக்குன்னு கொத்தனாருங்க சொல்லுததும் இதான், உள்ள வரைக்கும் காத்து போய்ச் சேர அவ்வளவு காலம் ஆகும். ஆச்சியோட சுண்ணாம்பு டப்பாவ மூடாம விட்டா மேல ஏடு கட்டுமே, அதுவும்.

பனங்காட்டுல இத இன்னும் கிட்டக்க பாக்கலாம். பனையேறுறவங்க கலயத்துக்கு உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவாங்க, அப்போதான் பதநீர். தடவாம விட்டா ஈஸ்ட் வேலைய ஆரம்பிச்சிரும், கள்ளு, அந்த நுரை பூரா கார்பன் டை ஆக்சைடு. தடவுனதுல ஈஸ்ட்டால தலை தூக்க முடியாது, அப்படியே கொஞ்சம் கேஸ் வந்தாலும் சுண்ணாம்பு பிடிச்சுக்கும். சீனி ஆலைல சாறத் தெளிய வைக்க சுண்ணாம்பு போட்டு, மிஞ்சின சுண்ணாம்ப எடுக்க கார்பன் டை ஆக்சைட விடுற முறை ஒண்ணு இருக்கு, நம்ம கலயத்துல சின்னதா நடக்குற அதே கெமிஸ்ட்ரி.

சோடா குடிச்சா பல்லு கரையுமா?

எனாமல் பிஹெச் ஐந்தரைக்குக் கீழ இறங்குனா கரைய ஆரம்பிக்கும், வெறும் சோடா நாலு பக்கம் இருக்கும். ஆனா கார்பானிக் ஆசிட் வீக், எச்சில் சீக்கிரம் சரி பண்ணிரும், கேஸும் ஓடிரும். கலர் சோடால போடுற சிட்ரிக், பாஸ்பாரிக் ஆசிட்டும் சீனியும்தான் பல்லுக்கு எதிரி. எப்பவாவது ஒரு கோலி சோடாக்கு பயப்பட வேண்டாம், தினமும் சப்பிச் சப்பிக் குடிக்காதீங்க.

ரத்தத்துலயும் இதான் இருக்குங்காங்களே?

ஆமா, ரத்தத்தோட பிஹெச்ச 7.35க்கும் 7.45க்கும் நடுவுல நிறுத்துறதுல முக்கியப் பங்கு இந்த ஜோடிக்குத்தான். பைகார்பனேட் இருபது பங்குன்னா கரைஞ்ச கேஸ் ஒரு பங்கு. ஆசிட் கூடுனா பைகார்பனேட் அதப் பிடிச்சு கேஸா மாத்தும், நம்ம மூச்சு வேகமாகி கேஸ வெளிய தள்ளும். இங்க நம்ம நுரையீரல்தான் மூடி, அதத் திறந்து மூடி மூளையே பாத்துக்குது. சுகர் ரொம்ப ஏறி ரத்தத்துல ஆசிட் கூடுனவங்க பெருமூச்சா வாங்குறத யாராவது பாத்திருப்பீங்க, உடம்பு கேஸ வெளிய தள்ளி சமாளிக்கப் பாடுபடுது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

சும்மா தண்ணில கேஸ் பாதி ஆசிட்டா மாற இருபது நொடி பக்கம் ஆகும். சிவப்பணு நுரையீரல்ல கேஸ விடுறதுக்குக் கிடைக்கிறது ஒரு நொடிக்கும் கம்மி. நாக்குல சொன்னேனே அந்த நொதி, அதே குடும்பம் சிவப்பணுவுக்குள்ளயும் இருக்கு, ஒரு மூலக்கூறு நொடிக்குப் பத்து லட்சம் தடவை வரைக்கும் வேலை பாக்கும். அது இல்லன்னா நாம மூச்சு விட்டும் பிரயோஜனம் இல்ல.

கடல் ஆசிட் ஆகுதுங்காங்க, தூத்துக்குடிப் பக்கம் என்ன ஆகும்?

கடல் ஆசிட்டா மாறிடல, இன்னும் காரம்தான், ஆனா மேல்மட்டத்து பிஹெச் தொழில் யுகம் தொடங்குனதுல இருந்து 8.2ல இருந்து 8.1க்கு இறங்கிட்டு. 0.1தானன்னு நினைக்காதீங்க, ஹைட்ரஜன் அயனி கால்வாசிக்கும் மேல கூடிட்டுன்னு அர்த்தம். நாம எரிச்சு விடுற கார்பன் டை ஆக்சைடுல ஏறக்குறைய கால் பங்கு கடலுக்குள்ள போகுது, போனது கார்பனேட்டப் பிடிச்சு பைகார்பனேட்டா மாத்திருது. சங்கும் சிப்பியும் பவளமும் ஓடு கட்டுறது அந்தக் கார்பனேட்ட வச்சுதான். மன்னார் வளைகுடால தூத்துக்குடில இருந்து பாம்பன் வரைக்கும் 21 தீவு, சுத்தி பவளப்பாறை, கொற்கை முத்து பாண்டியன் காலத்துல இருந்து பேர் வாங்குன கடல், அங்க கொத்தனாருக்கு செங்கல் குறைஞ்சிக்கிட்டே வருது. சூடான தண்ணியால பவளம் வெளுக்கிறது தனிக் கேடு, ரெண்டும் சேர்ந்து வருதுன்னுதான் பயமா இருக்கு.

வீட்டுல பிள்ளைகளுக்குச் செஞ்சு காட்ட ஏதாவது சொல்லுங்களேன்?

ஆரத்தித் தண்ணி போதும். வெத்தலைச் சுண்ணாம்பு சுண்டக்கா அளவு எடுத்து ஒரு டம்ளர் தண்ணில கலக்கி, ஒரு மணி நேரம் தெளிய விட்டு, மேல இருக்கிற தெளிஞ்ச தண்ணிய மட்டும் வேற கண்ணாடி டம்ளர்ல இறுத்துக்கோங்க. அதுல துளி மஞ்சப்பொடி போட்டா செக்கச்செவேல்னு வரும். இப்போ ஸ்ட்ராவால மெதுவா ஊதுங்க. கொஞ்ச நேரத்துல பால் மாதிரி கலங்கும், சிவப்பு மங்கி மஞ்சளா திரும்பும். மஞ்சள் போடாத இன்னொரு டம்ளர்லயும் ஊதுனா, கலங்குனது ஊத ஊத மறுபடி தெளியும், அதான் கிணத்துத் தண்ணி. அந்தத் தெளிஞ்ச தண்ணிய சின்னப் பாத்திரத்துல கொதிக்க விடுங்க, வெள்ளை திரும்ப வரும், அதான் ஹீட்டர் காயில்.

சின்னப் பிள்ளைங்க ஊதுறதுக்குப் பதிலா உறிஞ்சிருவாங்க, சுண்ணாம்புத் தண்ணி வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிரும், கண்ணுல தெறிச்சா இன்னும் மோசம். அதனால பெரியவங்க ஊதுங்க, பிள்ளைங்க கிட்டக்க உக்காந்து பாக்கட்டும்.